கண்கொள்ளா எச்சரிக்கை

கரடிச்சுனை அருவியைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஒரு தைலத்தையும், இரண்டு பரோட்டாக் கடைகளையும், மூட்டுவலி மருத்துவர் ஒருவரின் சிரிப்பையும் பார்த்து முடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே மூடித் தள்ளினால் கடைசியில் அருவி நிற்கும். வெளியூர்க்காரர்கள் இதற்குச் சலித்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அருவிக்கு முன்னால் மருத்துவர் சிரிப்பதுதான் இயற்கை.

எல்லோர் கண்ணிலும் விழித்தாள் இருந்தது. வெங்காயச் சருகைவிட மெல்லிய தாள். விழியில் ஒட்டிக்கொண்டால் உலகமும் தெரியும். உலகத்தின்மேல் கடை, கடிதம், செய்தி, பங்காளி வீட்டுக் காதுகுத்து எல்லாமும் தெரியும். அப்படி உலகத்தின்மேல் வந்து உட்காரும் ஒவ்வொன்றுக்கும் படலம் என்று பெயர். படலத்தின் மூலையில் 'புரிந்தது' என்றொரு பொட்டு இருக்கும். அதைப் பார்த்து இருமுறை இமைத்தால் படலம் போய்விடும். இமைக்காதவரை போகாது. போகாதவரை அதற்கு அடியிலுள்ள எதையும் நகர்த்தவும் முடியாது.

அந்தப் பொட்டுதான் ஊரை ஆட்டிவைத்தது. விழித்தாள் போட்டவர்கள் இரண்டு விரலைக் காற்றில் விரித்து எதையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். பெரிதாக்கினால் பக்கம் ஊரளவுக்கு விரியும்; கண்ணுக்கு அகப்படுவதோ அதில் ஒரு சன்னலளவு. படலம் செய்தவர்கள் ஊருக்கு அளவெடுத்தார்கள், சன்னலுக்கு எடுக்கவில்லை. போன சாரலில் வெள்ள ஒத்திகை நடந்தபோது ஆலங்குளத்துக்காரர் ஒருவர் பரோட்டாக் கடை விலைப்பலகையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'வெள்ளம் வருகிறது' என்ற எச்சரிக்கைப் படலம் வந்து விழுந்தது. அவருக்குத் தெரிந்தது 'ள்' மட்டும். பனைமர உயரத்துக்கு ஒரு 'ள்'. மூடுகிற பொட்டு அடுத்த தாலுகாவில் எங்கோ இருந்திருக்கும். மூடவும் முடியாமல் நகர்த்தவும் முடியாமல் அந்த 'ள்'ளைச் சுமந்துகொண்டே ஊர் திரும்பி, அறுவடையை முடித்து, மகளுக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். மாப்பிள்ளை நல்ல நிறம், புள்ளிக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக இருக்கிறார் என்றுதான் சம்பந்தி வீட்டில் சொன்னாராம்.

அவர் வழக்குப் போட்ட பிறகுதான் வெள்ள எச்சரிக்கை வேலை 'சாரல் படலங்கள்' கம்பெனிக்கு வந்தது. கம்பெனியில் அது ஆவுடையிடம் வந்தது.

ஆவுடை படலப் பொருத்துநர். ஒரு கண்ணுக்கு அந்தக் கணத்தில் எவ்வளவு தெரிகிறதோ அந்த அளவைக் காண்சட்டம் என்று வைத்துக்கொண்டாள். பெரிதாக்கினால் காண்சட்டம் சுருங்கும். தலையைச் சாய்த்தால் சாயும். கண்ணை இடுக்கினால் கீற்றாகிவிடும். அதைக் கணத்துக்குக் கணம் அளந்து படலத்தைக் கச்சிதமாக உட்கார வைக்க ஒரு கருவி செய்தாள். பொருத்தி என்று பெயர் வைத்தாள். அதற்கு அவள் எழுதிக்கொடுத்த விதி ஒரே வரி: 'காண்சட்டமும் படலமும் எப்போதும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.' அந்த வரியைப் படித்துவிட்டு முதலாளி பூதலிங்கம், "திருக்கொறளு மாரி இருக்கு தாயி" என்றார்.

இன்றைக்கு அதற்குச் சோதனை. அருவிக்கு எதிரே, தண்ணீர் எட்டாத உயரத்தில், கண்காணிப்பு மேடையில் ஆவுடையும் பூதலிங்கமும் நின்றார்கள். கீழே நானூறு பேர் தலைநிறைய எண்ணெயோடு குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவள் கணவன் உலகநாதன். காலையில் வேண்டாமென்றுதான் சொன்னாள்.

"ஊரான் எல்லாம் ஒன் படலத்தக் கண்ணுல போட்டுக்கிட்டு குளிக்கான். கட்டுனவன் கரையில நின்னா ஒன் வேலைக்கி என்னட்டி மதிப்பு?" என்று துண்டை உதறிக்கொண்டு இறங்கிப் போனான். வேலைக்கு மதிப்புக் கொடுப்பவன் அல்ல. ஓசிக் குளியலும் வரிசையில்லாமல் முதலிடமும் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டவன். அருவியின் நட்ட நடுவில், பாறை மடிப்பில், இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எருமை மாதிரி சுகமாக நின்றான்.

அருவியில் நிற்பவனுக்குக் கண் என்பது ஒரு கீற்று. தண்ணீர் தலையில் விழும், எண்ணெய் வழியும், இமை படபடக்கும். காண்சட்டம் கணத்துக்குப் பத்து வடிவம் எடுக்கும். படலம் அங்கே உட்கார்ந்துவிட்டால் எங்கேயும் உட்கார்ந்துவிடும். முதல் படலமாக 'வணக்கம்' என்ற ஒற்றைச் சொல்லை ஆவுடை அனுப்பினாள். கீற்றுக்குள்ளே கீற்றாக, இமையோடு விரிந்து இமையோடு சுருங்கி, வணக்கம் பிசகாமல் நின்றது. நானூறு பேரும் பொட்டைப் பார்த்து இமைத்து மூடினார்கள். உலகநாதன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"செயிச்சிட்ட தாயி" என்று பூதலிங்கம் மேடைக் கம்பியைத் தட்டினார். "இனி ஒரு பய 'ள்'ளோட வீட்டுக்குப் போவ மாட்டான்."

"அது சின்ன வாசகம் அண்ணாச்சி. நிசமான எச்சரிக்கையையும் ஒருக்கா அனுப்பிப் பாத்துருவோம்."

"அது எதுக்கு இப்ப? வாசகம் மேலெடத்துல அனுமதி வாங்குனது. வெள்ளம் வந்தா தன்னால போவும். வெள்ளம் வராம எச்சரிக்க போச்சுன்னா, ஏன் போச்சுன்னு மேலெடத்துல கேப்பான்."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அருவியின் சத்தம் மாறியிருந்தது. கூடவில்லை, குறையவில்லை. கனத்திருந்தது. மேலே சுனைக்குப் பின்னால் மலை இருந்த இடத்தில் மழை நின்றுகொண்டிருந்தது. அருவியின் உச்சியில் வெள்ளைத் தண்ணீருக்கு நடுவே ஒரு செம்மண் கோடு இறங்கியது. கோட்டோடு ஒரு வாழை மரம், குலையோடு.

மேல்சுனையில் பதித்திருந்த நீர்மானி அவளுக்கு முன்பே அதைப் பார்த்துவிட்டது. அது யாரையும் கேட்காமல் எச்சரிக்கையை அனுப்பியது.

படலம் விழுந்தது.

ஆவுடையின் கண்ணில் வாழை மரம் இல்லை, அருவி இல்லை, மேடை இல்லை. மூலை விட்டு மூலை எழுத்து. ஒரு எழுத்து வெட்டுப்படவில்லை, ஒரு நூல் இடம் வீணாகவில்லை. அவள் கனவு கண்டது அப்படியே நடந்திருந்தது.

'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. கரடிச்சுனை அருவிக்குத் தங்கள் வருகை நல்வரவாகுக. அருவியில் சோப்பு, ஷாம்பு பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டுள்ளது. குரங்குகளுக்கு உணவளிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்...'

வெள்ளம் இன்னும் வரவில்லை. அனுமதிக்காக அந்த வாசகம் எத்தனை மேசைக்குப் போனதோ அத்தனை மேசையும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தது. வெள்ளம் என்ற சொல் கீழே கடைசியில், உண்டியல் அறிவிப்புக்கு அடுத்தாற்போல் இருந்தது.

"ஆகா, என்ன துல்லியம்!" என்று பக்கத்தில் பூதலிங்கத்தின் குரல் கேட்டது. "குரங்கு வரிகூட தெளிவாத் தெரியுது."

ஆவுடை பொட்டைத் தேடினாள். எட்டுகிற தூரத்தில், வலது மூலையில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பார்த்து இமைத்தாள்.

இமை விழவில்லை.

மறுபடி முயன்றாள். இரண்டு இமையையும் யாரோ விரல்வைத்துத் தூக்கிப் பிடித்திருப்பது போலிருந்தது. வலியில்லை. மரியாதையாகத்தான் பிடித்திருந்தது. ஆனால் விடவில்லை.

"அண்ணாச்சி, கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்கன்னு சொல்லுதேன்!"

இமையை இறக்க மூச்சைப் பிடித்து முக்கும் சத்தம் கேட்டது. பிறகு பூதலிங்கம் குரல் இறங்கிக் கேட்டார்: "மூட முடியலையே தாயி. இது என்னது, கண்ணு முழிச்சுக்கிட்டே நிக்கி?"

விழித்தாளின் ஓரத்தில் இரண்டு நுண்கம்பிகள் உண்டு. படம் பார்த்துக்கொண்டே இமைக்க மறந்து கண் காய்ந்து போகிறவர்களுக்காக முன்பே வைத்தது, இமைத்தூண்டி என்பார்கள். இமையை இறக்கவும் தெரியும், ஏற்றவும் தெரியும். பொருத்தி அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

ஏன் பிடித்தது என்பதும் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பொடி எழுத்தில் கழுத்தறுக்கும் நிபந்தனைகளை எழுதிய காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு படலத்தின் எழுத்து இன்ன பருமனுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. வணக்கம் ஒரே சொல், கீற்றுக்குள் அடங்கிவிட்டது. இத்தனை மேசை எழுதிய வாசகம் அடங்காது. காண்சட்டம் சிறியது, படலத்தைச் சிறிதாக்க வழியில்லை, இரண்டும் ஒரே அளவாக இருந்தாக வேண்டும். எனவே பொருத்தி காண்சட்டத்தைப் பெரிதாக்கிவிட்டது. கண்ணைத் திறந்துவிட்டது.

மாமியாரும் மருமகளும் ஒத்துப்போக வேண்டும் என்று ஊரில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். யார் யாரோடு என்று எவனும் சொல்வதில்லை. அது தெரிந்த விஷயம் என்று நினைக்கிறார்கள். ஆவுடையும் அப்படித்தான் நினைத்து எழுதியிருந்தாள். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டக் கூடாது என்று பொருத்திக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூட வேண்டுமானால் இமைக்க வேண்டும். இமைத்தால் காண்சட்டம் சுருங்கும். சுருங்கினால் படலம் அடங்காது. அதனால் இமைக்க விடாது. கீழே நானூறு பேர் கொட்டும் அருவியில் கண்ணைப் பிளந்துகொண்டு, குரங்குகளுக்கு உணவளிப்பது குற்றம் என்பதை வாசித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

விரலைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். அதுவும் வீண். எச்சரிக்கை நேரத்தில் யாரும் கழற்றி எறிந்துவிடக் கூடாதென்று விழித்தாள் அட்டை மாதிரி விழியைக் கவ்விக்கொள்ளும். அந்த யோசனைக்குத்தான் போன ஆண்டு ஒருவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். கத்தலாமென்றால் அருவி இரைச்சலில் மேடைக்குக் கீழே குரல் போகாது. ஒலிபெருக்கிகளோ, இனி தேவையில்லை என்று ஏலத்துக்குப் போய், இப்போது ஏதோ கோயில் கொடைவிழாவில் பாடிக்கொண்டிருந்தன.

விசில் சத்தம் கேட்டது. மேடைப் படிக்கட்டில் காவலுக்கு நின்ற ஏட்டம்மா பேச்சித்தாய். அவருக்கும் கண் திறந்து எழுத்து நிறைந்துதான் இருந்திருக்கும். கைக்கு அகப்பட்டதை ஊதினார்.

"ஏட்டம்மா, ஊதாதீங்க!" ஆவுடை அலறினாள். "கும்பிட்டுக் கேக்கேன், ஊதாதீங்க!"

"ஆளுவள வெளிய எடுக்கண்டாமா?"

"ஊதினா நகருவாவளே ஏட்டம்மா!"

கரடிச்சுனையில் விசிலுக்கு ஒரே அர்த்தம். ஒரு விசில் கேட்டால் அருவிக்கடியில் நிற்கும் வரிசை இடப்பக்கமாக ஓர் அடி நகர வேண்டும். வலப்பக்கம் காத்திருப்பவன் உள்ளே நுழைவான். பிறந்த குழந்தைகூட இடுப்பிலிருந்தபடி இடப்பக்கம் சாயும். தப்பிக்கும் படிக்கட்டு இருப்பது வலப்பக்கம். இடப்பக்கம் இருப்பது மரப்பாலம். வெள்ளம் வந்தால் முதலில் போவது அதுதான். ஒவ்வொரு விசிலுக்கும் நானூறு குருடர்கள் ஒழுங்காக, சண்டையில்லாமல், பாலத்தை நோக்கி ஓர் அடி போயிருப்பார்கள்.

"யாத்தாடி!" என்றார் பேச்சித்தாய். பிறகு விசில் கேட்கவில்லை.

மேலே கல் உருளும் சத்தம் மட்டும் வந்தது. மாட்டுவண்டி மரப்பாலத்தில் ஏறுவது போன்ற சத்தம்.

பொருத்தியை எழுதியவளுக்கு ஒரு வழி உண்டு. ஆவுடை நெற்றிப்பொட்டை இருமுறை தட்டினாள். படலத்தின் ஓரம் பச்சையானது, திருத்தும் முறை. வாசகம் குறைந்தால் படலம் குறையும். படலம் குறைந்தால் கண் சுருங்க இடம் கிடைக்கும். இமைக்கலாம்.

"நல்வரவு வரி, நீக்கு" என்றாள்.

'அனுமதி பெற்ற வாசகம். பொறுப்பாளரின் குரல் சம்மதம் தேவை' என்று கண்ணுக்குள் எழுத்து வந்தது. வாசகம் இன்னும் நீளமானது. இமை இன்னும் சற்று மேலே ஏறியது.

"அண்ணாச்சி, சம்மதம்னு சொல்லுங்க."

"எதுக்குன்னு சொன்னாத்தானே சொல்ல முடியும்?"

"வாசகத்த அழிக்கப் போறேன்."

"அய்யய்யோ!" பூதலிங்கத்தின் குரல் உடைந்தது. "ஒவ்வொரு வரிக்கும் நான் எத்தன படி ஏறியிருக்கேன் தெரியுமா? ஒத்த எழுத்து மாத்தினா ஒப்பந்தம் ரத்து. கம்பெனியப் பூட்டிட்டு நீயும் நானும் வடை போடத்தான் போவணும்."

"கீழ என் வீட்டுக்காரரு நிக்காரு அண்ணாச்சி. நடுப்பாறையில நிக்காரு."

"நம்ம உலகநாதனா?"

"ஆமா."

"வரவேற்புதானே, போனாப் போவுது. சம்மதம்."

ஒரு வரி போனது. இமைமேலிருந்த விரல் ஒரு மயிரிழை தளர்ந்தது.

"சோப்பு, ஷாம்பு."

"சம்மதம்."

"குரங்கு."

"குரங்க மட்டும் விட்டுரு தாயி. அந்த ஆபீசர் ரொம்பக் கோவக்காரரு."

"அண்ணாச்சி!"

"சம்மதம், சம்மதம்! குரங்காவது ஒண்ணாவது."

உண்டியல் போனது. வாகன நிறுத்தம் போனது. பாரம்பரியத் தாவரங்களைப் பேணுவோம் போனது. ஒவ்வொன்றுக்கும் பூதலிங்கம் தன் சொந்தப் பிள்ளையைத் தாரைவார்ப்பது போல ஒரு மூச்சு விட்டார். மேடைக் கம்பி கையில் அதிர்ந்தது. முகத்தில் விழும் திவலையில் மண் ருசித்தது.

மேலிடத்து வாழ்த்துச் செய்தியின் முறை வந்தது. அதற்கு மட்டும் சம்மதம் வரவில்லை.

"அண்ணாச்சி, சொல்லுங்க."

"அதத் தொட்டா என்னத் தொலச்சிருவாவம்மா. அத விட்டுட்டு மத்ததெல்லாம் எடு. நான் ஒண்ணும் சொல்லல."

"அது மட்டும் எட்டு வரி."

"எட்டு வரிதான். ஆனா அழகா எழுதியிருக்காவ."

"நீங்க சொல்லலைன்னா, அவரு தண்ணியில போறப்ப கடைசியாப் படிச்சது அந்த வாழ்த்துதான்னு நானே ஊருக்குச் சொல்லுவேன். ஒங்க பேரையும் சேத்துச் சொல்லுவேன்."

பூதலிங்கம் அழுதாரா, இருமினாரா தெரியவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே 'சம்மதம்' என்ற சொல் இருந்தது. பொருத்திக்கு அது போதும்.

மிஞ்சியது: 'வெள்ளம் வருகிறது. வலப்பக்கப் படிக்கட்டு வழியாக உடனடியாக வெளியேறவும்.' ஆவுடை இமைக்கப் பார்த்தாள். இமை பாதி வந்து நின்றது. மேடையில் நிற்கிற அவளுக்கே பாதி. தண்ணீருக்குள் நிற்பவனுக்குக் கண் முழுக்கக் கீற்றாக வேண்டும். ஒற்றைச் சொல்தான் அடங்கும். வணக்கம் அடங்கியது போல.

என்ன சொல்? 'ஓடு' என்றால் எந்தப் பக்கம் ஓடுவான்? பழக்கத்துக்கு இடப்பக்கமே ஓடுவான். 'வெள்ளம்' என்றால் நின்று வேடிக்கை பார்ப்பான்; ஊர் அப்படி. அருவிக்கரையில் ஏறுவதற்கு இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, வலப்பக்கப் படிக்கட்டு.

"எல்லாத்தயும் எடுத்துட்டு, 'ஏறு'ன்னு போடு" என்றாள்.

"பொதுமக்கள ஏறுன்னா சொல்லுவா?" பூதலிங்கம் பதறினார். "'ஏறவும்'னாவது மரியாதையா..."

"மரியாதைக்கு எடம் இல்ல அண்ணாச்சி!"

"சம்மதம்!" என்று அவர் கத்தினார். "சம்மதம், சம்மதம், சம்மதம்!" ஒருமுறை போதுமென்று அவருக்கு யார் சொல்வது.

ஏறு.

இமை விழுந்தது. கண்ணுக்குள் இருட்டு என்பது இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று ஆவுடைக்கு அதுவரை தெரியாது. இன்னொருமுறை இமைத்தாள். படலம் போனது.

அருவி செம்மண் நிறத்தில் மூன்று மடங்கு அகலத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நானூறு பேர், பொதிகைமலைக் குரங்குகள் வெட்கப்படும் வேகத்தில், படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் இருவர் ஏறினார்கள். மரப்பாலம் ஒருமுறை முதுகை வளைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனது. வாழை மரத்துக்குப் பின்னால் ஒரு தோட்டமே வந்தது.

நடுப்பாறையில் சங்கிலி மட்டும் ஆடியது. உலகநாதன் இல்லை.

ஆவுடை மேடையிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. படிக்கட்டு வாயில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடினாள். எண்ணெய் வழியும் முகங்கள், சிவந்த கண்கள், யாரும் அவன் இல்லை. கடைசியில் கூட்டத்தின் கால்களுக்கிடையில், கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு, இடுப்புத் துண்டை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு, யாரோ ஒரு கூலிக்காரரின் சாக்கைப் போர்த்தி உட்கார்ந்திருந்தான்.

"யாருட்டி அவன்?" என்றான் அவளைப் பார்த்ததும். பல்லெல்லாம் தந்தியடித்தது. "ஏறுன்னு மரியாதயில்லாமச் சொன்னவன் யாரு? எங்கப்பனுக்கப்பறம் என்ன எவனும் அப்பிடிச் சொன்னதில்ல."

அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அந்த ஈரச் சாக்கோடு கட்டிக்கொண்டாள்.

ஓர் உயிருக்கும் சேதமில்லை. விசாரணைக் குழு வைத்தார்கள். ஆவுடை தன் தவறை மறைக்காமல் சொன்னாள். விதியில் 'கண்ணுக்கேற்ப' என்று ஒரே ஒரு சொல் சேர்த்துத் திருத்த வேண்டும், படலம்தான் காண்சட்டத்துக்கு அடங்க வேண்டும், கண் எதற்கும் அடங்க வேண்டியதில்லை என்றாள். குழுவினர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு பொருத்தி தானாகவே அனுப்பியிருந்த கணக்கைப் பார்த்தார்கள். எச்சரிக்கையை நானூறு பேரும், விதிவிலக்கில்லாமல், முதல் எழுத்திலிருந்து இமைக்காமல் வாசித்திருந்தார்கள். உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்த அறிவிப்புக்கும் அப்படி ஒரு வாசகர் கூட்டம் வாய்த்ததில்லை. குழுத் தலைவர் அந்தத் தாளை இரண்டுமுறை படித்தார். இரண்டாம் முறை கொஞ்சம் பொறாமையோடு.

முடிவு அறிவித்தார்கள். தவறு பொருத்தியில் இல்லை. அனுமதி பெற்ற வாசகத்தை நடுவழியில் அழிக்க முடிந்ததே, அதுதான் தவறு. இனி எழுதியவரும் அழிக்க முடியாதபடி பூட்டிவிட வேண்டும். பொருத்தியை எல்லாப் படலங்களுக்கும் விரிவுபடுத்தலாம்.

"சேக்கச் சொன்ன அந்த ஒரு சொல்ல மறந்துரு தாயி" என்றார் பூதலிங்கம். புதுக் கார் வாங்கியிருந்தார். "அதச் சேத்தா இத எவன் வாங்குவான்? தைலக்காரன் ஒரு வரி விளம்பரத்த நாப்பது வரியாக்கிட்டான். கட்டக் கடைசி வரிக்கி வந்தாத்தான் விடும்னு மாத்தி வச்சிருக்கான், முழுசாப் படிச்சுட்டுத்தான் கண்ண மூடுதாவளாம்."

ஆவுடையை ஒரேயடியாக வாயடைக்க வேண்டுமென்று யாருக்கோ தோன்றியிருக்கும். பாராட்டு விழா எடுத்தார்கள். அவளும் மறுக்கவில்லை. ஏற்புரைக்கு எழுந்து, ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஒரு சொல்லைப் பற்றி விலாவாரியாகப் பேசிவிடுவதென்று முடிவு செய்திருந்தாள். உலகநாதன் முன்வரிசையில், இந்தமுறை வேட்டியோடு, அவள் பேச்சுக்குக் கைதட்டக் கையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"முதலில் பாராட்டிதழ்" என்று அறிவித்தார்கள்.

படலம் விழுந்தது. மேடையும் பந்தலும் முன்வரிசையும் உலகநாதனும் மறைந்தார்கள். 'வெள்ளத்திலிருந்து விழிகளை மீட்ட வீரமங்கை ஆவுடையம்மாள் அவர்களுக்கு...' என்று தொடங்கியது. இமைமேல் அந்த மரியாதையான விரல் வந்து உட்கார்ந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேர் இமையிலும் உட்கார்ந்திருக்கும். எந்த மேசையும் தன் பங்குக்கு ஒரு பத்தி எழுதாமல் விடவில்லை. முடிவுக்கு வருகிற மாதிரி இருக்கும்போதெல்லாம் கீழே 'மேலும்' என்று புதிதாக ஒன்று முளைத்தது. குரங்குகளைப் பற்றி ஒரு பத்தி. தைலத்தைப் பற்றி ஒரு பத்தி. ஆவுடை நெற்றிப்பொட்டைத் தட்டினாள், ஓரம் பச்சையாகவில்லை. கண் காய்ந்து எரிந்தது. காய்ந்த கண்ணுக்கு இமைக்க முடியாவிட்டால் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. நீர் பெருகிக் கன்னத்தில் வழிந்தது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். உலகநாதன் சத்தம்தான். பிறகு பக்கத்து வரிசை, பிறகு பந்தல் முழுக்க.

ஒலிவாங்கியில் பூதலிங்கத்தின் குரல் தழுதழுத்தது. "பாருங்க, எல்லாரும் பாருங்க! நம்ம ஆவுடைக்காக இன்னைக்கி ஊரே கண் கலங்கி நிக்கி!"

யாரும் பார்க்கவில்லை. எட்டாவது பத்தி அப்போதுதான் தொடங்கியிருந்தது.